முந்திக்கொண்ட ஐயோ

"ஐயோ!"

அலறலைக் கேட்டதும், டீத் தட்டோடு வந்துகொண்டிருந்த பெண் தட்டை அப்படியே கீழே போட்டுவிட்டாள். கோப்பைகள் சுக்குநூறு. அன்றுதான் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். யாருக்கோ நெஞ்சுவலி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள், பாவம்.

"பயப்படாதே கண்ணு." கண்ணாடிக்கார அக்கா கூடவே குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவர் ஒரு பந்தைக் கோட்டை விட்டுட்டார், அவ்வளவுதான்."

"அதுக்கா இப்படிக் கத்துறார்?"

"வாரா வாரம் கத்துவார். உனக்கும் பழகிடும்."

உண்மைதான். அந்தப் பூல் ஆட்ட அரங்கில் வேறு ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளி வேன் ஓட்டும் அந்த மனிதருக்கு அங்கே பேரே 'ஐயோ அண்ணன்'தான். பச்சைத் துணி விரித்த மேஜை, மூலைகளில் குழி, கையில் குச்சி. பந்து குழிக்குள் விழாமல் நின்றுவிட்டால் தலையில் கை வைத்து ஒரு 'ஐயோ' போடுவார். அவர் ஆட்டத்தில் பந்து விழுவதைவிட 'ஐயோ' விழுவதுதான் அதிகம்.

ஆனால் சில்லுகளைக் குப்பைக் கூடையில் கொட்டிவிட்டு நாற்காலிக்குத் திரும்பியபோது கண்ணாடிக்கார அக்காவின் முகம் மாறியிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். அடுத்தவர் எங்கே பார்க்கிறார்கள் என்று பார்ப்பதே அவள் பிழைப்பு. அந்த அலறலின்போது அவள் ஆளைப் பார்க்காமல் பந்தைப் பார்த்திருந்தாள். அந்த 'ஐயோ' வந்தபோது பந்து குழியைத் தொடவே இல்லை. இன்னும் ஒரு சாண் தூரம் மிச்சம் இருந்தது.

மோசமான ஆட்டக்காரன் கடைசி நொடி வரை நப்பாசையோடு பந்தையே பார்ப்பான். விழாது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? விழக்கூடாது என்று அடித்தவனுக்குத்தான் தெரியும்.

"அக்கா, குறி போடு!" பின்னாலிருந்து அவள் தம்பி கிசுகிசுத்தான். குழாய் வேலை செய்பவன், அவள் அணியின் தலைவன். "அந்த ஆளு வேணும்னே விடுறான். எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மனசு சொல்லுது."

"உன் மனசு போன வாரம் எங்க வீட்டுக் குழாய் இனிமே ஒழுகாதுன்னு சொல்லிச்சு."

தம்பி முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சுக்குப் போனான்.

குறி என்பது விளையாட்டு விஷயம் இல்லை. அந்த லீகில் ஒவ்வொருவருக்கும் ஒரு தர எண் உண்டு. போட்டியை ஜெயித்தால் எண் ஏறும், தோற்றால் இறங்கும். சின்ன எண்காரர் இரண்டு ஆட்டம் எடுத்தாலே வெற்றி. பெரிய எண்காரர் நாலு, ஐந்து என்று எடுக்க வேண்டும். நோஞ்சானும் பயில்வானும் ஒரே மேஜையில் மோத வேண்டுமே, அதற்காக. இதில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. சீசன் முழுக்க வேண்டுமென்றே தோற்று எண்ணைக் குறைத்து வைத்துக்கொண்டு, இறுதிப் போட்டியில் சுயரூபம் காட்டலாம். அதைப் பிடிக்கத்தான் இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார்கள். வேண்டுமென்றே விட்ட அடிக்கு ஒரு குறி. குறிகள் சேர்ந்தால் எண் ஏறும். ரொம்பச் சேர்ந்தால் ஆளையே லீகை விட்டுத் துரத்திவிடுவார்கள்.

தம்பியின் அணிக்காகக் கணக்கு எழுதும் அக்கா பேனாவை எடுத்தாள். மேஜையைப் பார்த்தாள். ஐயோ அண்ணன் விட்ட பந்து குழியின் வாயில் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் பந்தோ, எதிராளி எதையுமே அடிக்க முடியாத மூலையில் போய்ச் சமர்த்தாக நின்றது. அடேயப்பா! போட்டு ஜெயிப்பதற்கு ஒரு கை வேண்டும் என்றால், இப்படித் தோற்பதற்குப் பத்துக் கை வேண்டும்.

பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஐயோ அண்ணனே அவள் கடைக்கு வந்தார். வந்தார் என்று சொல்வதைவிட, டியூட்டிக்குப் போகும் வழியில் அவர் மனைவி இழுத்து வந்தாள் என்பதே சரி. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதே அணியில் ஆடுபவள். லீகிலேயே பெரிய எண் அவளுக்கு, இனி ஏற இடமில்லை. அவள் குச்சியைக் கையில் எடுத்தால் எதிரணிக்கு வயிற்றைக் கலக்கும்.

"அக்கா, இவர் கண்ணைக் கொஞ்சம் என்னன்னு பாருங்க. கைக்கு எட்டுற தூரத்துல இருக்குற பந்தைக்கூட விடுறார். எனக்கு மானம் போகுது."

"எனக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்று முனகினார் அவர்.

"ஆமா, நல்லா இருக்கு. அதான் போன வாரம் எதிராளி பந்தைக் குழியில போட்டீங்களா? வாயை மூடிக்கிட்டு உள்ளே போங்க. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்."

அறைக்குள் விளக்கை அணைத்து, எழுத்துப் பலகைக்கு மட்டும் வெளிச்சம் போட்டாள் அக்கா. மேல் வரி எழுத்து உள்ளங்கை அகலம்.

"இது என்ன எழுத்து?"

அவர் கண்ணைச் சுருக்கினார். "ம... 'ப'வா, 'ம'வான்னு சரியாத் தெரியல தங்கச்சி."

"அடுத்த வரி?"

"சுத்தம். ஒரே புகை."

அக்கா சலித்துக்கொள்வதுபோல் பலகையைப் பார்த்தாள். "இந்தப் பலகை வேற பழசாயிடுச்சு. புதுசு வாங்கணும். கீழே அச்சகத்தோட போன் நம்பர் இருக்குமே, இன்னும் இருக்கா, அழிஞ்சிடுச்சா?"

"இருக்கே! கடைசி எண் மட்டும் கொஞ்சம் மங்கியி..."

பாதியில் நின்றது பேச்சு. எறும்பு வரிசையைவிடச் சின்ன எழுத்து அது.

அக்கா விளக்கைப் போட்டாள். "அண்ணே, இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு ஊசியில நூல் கோர்க்கலாம், அதுவும் தெருவுக்கு அந்தப் பக்கத்துல நின்னு."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மாட்டிக்கொண்ட முகம்.

"குறி போடப் போறியா தங்கச்சி?"

"முதல்ல ஏன்னு சொல்லுங்க. கோப்பைக்காகவா?"

"கோப்பையா? அது எங்க சோபாக்காரர் ஆசை." சோபாக் கடை வைத்திருப்பவர்தான் அவர்கள் அணித் தலைவர். "இறுதிப் போட்டி வரைக்கும் தோத்துக்கிட்டே வா, அன்னைக்கு மட்டும் அடின்னு சொல்லியிருக்கார். எனக்கு அதுல எல்லாம் ஆசை இல்லை." அவர் கதவைப் பார்த்தார். வெளியே மனைவியின் போன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "அவளுக்கு ராத்திரி டியூட்டி. அவ வீட்டுக்கு வர்ற நேரம் நான் வேனை எடுக்கணும். நான் திரும்புற நேரம் அவ கிளம்பணும். வீட்டுல நாங்க பேசிக்கிறதே ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுற சீட்டுலதான். 'பால் இல்லை.' 'வாங்கிட்டேன்.' அவ்வளவுதான் குடும்பம். ஞாயித்துக்கிழமை எனக்கு வேன் இல்லை, ஆனா அவ பகல்ல தூங்கணும். லீக் நடக்குற புதன்கிழமை சாயங்காலம் ஒண்ணுதான் ரெண்டு பேருக்கும் லீவு."

"அதுக்கு எதுக்குத் தோக்கணும்?"

"அணியில அஞ்சு பேரோட எண்ணையும் கூட்டினா இவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு விதி இருக்கே! எங்களுது இப்பவே விளிம்புல நிக்குது. என் எண் ஒரு படி ஏறினாக்கூட ரெண்டு பேர்ல ஒருத்தர் வெளியே போகணும்."

"நீங்க சும்மா வந்து வேடிக்கை பாக்கலாமே?"

"பாத்தேன். ஒரு சீசன் முழுக்கப் பாத்தேன். ஆட்டக்காரங்க பெஞ்சுல வெளியாள் உக்காரக் கூடாதாம். நான் சுவரோரம், அவ பெஞ்சுல. அவ சிரிச்சா, எதுக்குச் சிரிக்கிறேன்னு கேக்கக்கூட முடியாது." அவர் தொப்பியைத் தடவினார். "இப்போ பக்கத்துல உக்காந்து, ஒரே டப்பாவுல சாப்பிடுறோம். அவ ஆடுறதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். அதுக்காக எத்தனை தடவை வேணும்னாலும் தோக்கலாம்."

"உங்க சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னை வெட்டிப் போட்டுடுவா. நேர்மையான மனுஷி."

கணக்கு எழுதுபவள் இதைக் கேட்டதும் எழுந்து போய்ப் புகார் சொல்ல வேண்டும், அதுதான் முறை. ஆனால் இப்படி ஒரு கைதேர்ந்தவரை அவள் பார்த்ததே இல்லை. இப்படி ஒரு புருஷனையும்தான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எல்லாம் சரி அண்ணே. அடி பிரமாதம், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா 'ஐயோ' மட்டும் கொஞ்சம் முந்தி வந்துடுது. பந்து போய் முட்டுறதுக்கு முன்னாடியே கத்திடறீங்க."

அவர் வாயைப் பிளந்தார்.

அதற்குள் கதவு திறந்தது. "என்னக்கா, என்ன சொல்றார்?"

"லேசான குறைதான்," என்றாள் அக்கா. பவர் இல்லாத வெறும் கண்ணாடியில் ஒரு மூக்குக்கண்ணாடி செய்து கொடுத்தாள். அன்று ராத்திரி தன் மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

இறுதிப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தம்பியின் அணியும் சோபாக்காரர் அணியும். தம்பி மூன்று சீசனாக அந்தக் கோப்பைக்கு அலைகிறவன். கோப்பையை வைக்க வீட்டில் அலமாரிகூடத் தயார். அதில் இப்போதைக்கு ஒரு குழாய்த் திருகி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

ஆளுக்கு இரண்டு வெற்றி என்று சமமாக நின்றது. நர்ஸ் தன் ஆட்டத்தைத் தட்டித் தூக்கியிருந்தாள். கடைசி ஜோடி, தம்பியும் ஐயோ அண்ணனும். அவருக்கு இரண்டு ஆட்டம் போதும். தம்பி நாலு எடுக்க வேண்டும்.

சோபாக்காரர் ஐயோ அண்ணனைக் கணக்கு மேஜைப் பக்கம் ஒதுக்கினார். சத்தம் போடாமல் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

"இன்னைக்கு அடிக்கணும். உன் பொய் 'ஐயோ' எது, நிஜ 'ஐயோ' எதுன்னு எனக்குத் தெரியும். என்கிட்டயே நாடகம் ஆடினே, அடுத்த சீசன் உனக்கு பெஞ்ச் கிடையாது."

அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஜெயித்தால் எண் ஏறி இருவரில் ஒருவர் வெளியே. தோற்றால் நாடகம் என்று தலைவரே வெளியே தள்ளுவார். மனிதர் எந்தப் பக்கம் போனாலும் பெஞ்ச் போய்விடும் போலிருக்கிறதே!

முதல் ஆட்டத்தை ஐயோ அண்ணன் எடுத்தார். "கண்ணாடி வேலை செய்யுதுடா!" என்று துள்ளினார் சோபாக்காரர். நர்ஸ் பெருமையோடு அக்காவைப் பார்த்துத் தலையாட்டினாள். அடுத்த மூன்றையும் தம்பி வரிசையாக எடுத்தான். இனி ஒரே ஒரு ஆட்டம், யார் எடுத்தாலும் கோப்பை அவர்களுக்கு.

அந்த ஆட்டத்தில்தான் அரங்கமே திரும்பிப் பார்த்தது. ஐயோ அண்ணன் அடித்தார். ஒரு பந்து, இன்னொரு பந்து, அதற்கடுத்த பந்து. வெள்ளைப் பந்து அவர் சொன்னபடி கேட்டது. விளிம்பில் முட்டி, திரும்பி, அடுத்த பந்துக்கு எதிரே வந்து கைகட்டி நின்றது. ஒரு 'ஐயோ'கூட இல்லை. பார்க்கப் பார்க்க அக்காவுக்குப் புல்லரித்தது. எதிரணிக்காரி என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. 'ஜெயிக்கவே முடிவு பண்ணிட்டார்' என்று நினைத்துக்கொண்டாள். தம்பி குச்சியை ஊன்றிக்கொண்டு, தண்ணீர் வராத குழாயைப் பார்ப்பதுபோல் நின்றான்.

மிச்சம் கறுப்புப் பந்து. அதைப் போட்டால் முடிந்தது. நேரான அடி. சோபாக்காரர் கைதட்டத் தயாராக எழுந்தே நின்றுவிட்டார்.

ஐயோ அண்ணன் குனிந்தார். அடித்தார்.

கறுப்புப் பந்து குழியின் இந்தக் கன்னத்தில் மோதியது, அந்தக் கன்னத்தில் மோதியது, வாசலில் தள்ளாடியது, நின்றது.

யாரும் மூச்சு விடவில்லை. அவரும்தான். பந்து அசையாமல் நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான், அடிவயிற்றிலிருந்து, வந்தது.

"ஐயோ..."

சோபாக்காரர் பொத்தென்று உட்கார்ந்தார்.

தம்பி தன் பந்துகளை ஒவ்வொன்றாகப் போட்டான். கடைசியில் வாசலில் நின்ற கறுப்பை லேசாகத் தட்டினான். விழுந்தது. அரங்கம் அதிர்ந்தது. யாரோ தம்பியைத் தோளில் தூக்கினார்கள், அவன் தலை விளக்கில் இடித்தது, அப்படியும் சிரித்தான்.

அக்கா எதிர்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு விழப் போகிறது என்று நினைத்தாள். சோபாக்காரர் எழுந்து போய் ஐயோ அண்ணனின் தோளில் கை வைத்தார்.

"விடுப்பா. நீ என்ன பண்ணுவே? உயிரைக் கொடுத்துத்தான் ஆடினே, நான் பாத்தேன். கறுப்பு துரோகம் பண்ணிடுச்சு. அடுத்த சீசன் இதே அணி, இதே ஆளுங்க. பாத்துக்கலாம்."

நர்ஸ் பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். "கண்ணாடி போட்டும் இப்படியா? சரி, வாங்க, வந்து உக்காருங்க. ஆறிடும்." அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டார். அவள் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

கை கழுவ நர்ஸ் எழுந்து போன நேரம் பார்த்து அக்கா அவரிடம் போனாள். இவ்வளவு அழகாக ஆடிய மனிதருக்கு, நிஜமாகவே ஆடிய ஒரே நாளில், இப்படி ஒரு பந்து தவறிவிட்டதே என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது.

"மனசுல வெச்சுக்காதீங்க அண்ணே. கடைசிப் பந்து யாருக்கு வேணும்னாலும் தவறும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். சோபாக்காரர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இப்போ சரியான நேரத்துக்கு வந்துச்சா தங்கச்சி?"