கூட்டுக்கு ஏறாத புழுக்கள்

முட்டை பொரிந்து நாற்பதாம் நாள்தான் மஸ்துரா என்னைப் புழு அறைக்குள் விட்டாள்.

பட்டு நிலையத்திலிருந்து வீடுகளுக்கு முட்டைப் பெட்டி கொடுப்பது என் வேலை. வளர்ப்பைப் பார்த்துச் சொல்வதும் என் வேலைதான். ஆனால் எங்கள் நமங்கான் பக்கத்தில் வளரும் புழுவை வெளியாள் பார்த்தால் கண் பட்டுவிடும். வாசலில் கண் திருஷ்டி போக இசிரிக் செடியைப் புகையவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இருபத்தெட்டாம் நாள் நான் போனபோதும் அப்படித்தான் நடந்தது.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. இந்த வருஷம் ஒவ்வொண்ணும் என் விரல் தண்டி இருக்கு. உங்க கண்ணு வேற பெரிசு," என்று சிரித்தாள். கூடு விற்றுக் கறவை மாடு வாங்கப் போகிறாள். மூன்று பிள்ளைகள், வீட்டில் பால் இல்லை. மாட்டுக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள்.

இப்போது சிரிப்பு இல்லை. அறை முழுக்கத் தட்டுகள். தட்டுகளின் மேல் காய்ந்த சுள்ளிக் கட்டுகள். முப்பதாம் நாளுக்குள் புழுக்கள் அதில் ஏறிக் கூடு கட்டியிருக்க வேண்டும்; ஒரு கூடும் இல்லை. கீழே புழுக்கள் இலையை மென்றுகொண்டே இருந்தன. இவ்வளவு பெரிய புழுக்களை நான் பார்த்ததில்லை.

"ஏறவே மாட்டேங்குதுங்க அக்கா. யார் கண்ணோ?"

"இலை எங்க வெட்டுறீங்க?"

அவள் கணவன் தோலிப்ஜான் பதில் சொன்னான். "பேரிக்காத் தோப்பு வேலியில நிக்கிற முசுக்கொட்டையில. அங்கதானே மருந்தடிக்கிறேன், வர்றப்ப வெட்டிட்டு வந்துடுவேன். சும்மா போடலக்கா. முதல்ல இருபது புழுவுக்குக் குடுத்து ரெண்டு நாள் பாத்தேன். ஒண்ணுகூடச் சாகல."

பழைய காலத்துப் பூச்சிமருந்தென்றால் அது சரியான சோதனை. ஒரு மணி நேரத்தில் புழு பச்சையாகக் கக்கிச் செத்திருக்கும்.

பட்டுப்புழு நான்கு முறை தோல் உரிக்கும். அதுவரை அதன் உடம்பில் ஒரு சாறு சுரந்து, அதைப் புழுவாகவே வைத்திருக்கும். நான்காவது உரிப்புக்குப் பிறகு அந்தச் சாறு வற்ற வேண்டும். வற்றினால்தான் புழு தின்பதை நிறுத்தும், வயிற்றைக் காலி செய்யும், தலையைத் தூக்கிச் சுள்ளியில் ஏறும். தோலிப்ஜான் அடித்த மருந்து அந்தச் சாற்றைப் போலவே செய்யப்பட்டது. பேரிக்காயைத் துளைக்கும் புழு அந்துப்பூச்சியாக மாறி முட்டையிடக் கூடாது என்பதுதான் கணக்கு. அது எதையும் நேராகக் கொல்வதில்லை. காற்றில் வந்து இலையில் படிகிற துளி போதும், பட்டுப்புழுவும் புழுவாகவே நின்றுவிடும்.

இதைச் சொல்லி முடித்தபோது தோலிப்ஜான் தன் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்போ கண்ணு இல்லையா?" என்றாள் மஸ்துரா.

"இல்லம்மா."

"இனிமே இலையைக் கழுவிப் போட்டா?"

"தின்னதை எடுக்க முடியாது. ஈர இலை போட்டா அழுகல் நோய் வேற வரும்."

"வேற மரத்துல வெட்டுறேன்," என்றான் அவன். எந்த மரம் என்று நான் கேட்கவில்லை. ஊரிலிருந்த மற்ற முசுக்கொட்டை மரங்களையெல்லாம் வெட்டித்தான் அந்தத் தோப்பையே வைத்தார்கள்.

"எவ்வளவு நாள் இப்படியே தின்னும்?"

"சாகுற வரைக்கும். இன்னும் பத்து நாள் இருக்கலாம்."

"கோழிக்காவது போடலாமா அக்கா?"

மருந்து ஏறிய புழு கோழிக்கு ஆகுமா என்று எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்றே சொன்னேன்.

தட்டுகளில் இலை தீர்ந்திருந்தது. புழுக்கள் தலையை ஆட்டித் தேடின. மஸ்துரா குனிந்து பார்த்தாள். பிறகு, "பசிக்குதே அதுங்களுக்கு," என்று சொல்லி, மூலையில் கிடந்த தோப்பு இலைக் கட்டைப் பிரித்துப் பரப்பத் தொடங்கினாள்.