நன்றி சொல்ல வந்தவர்

பட்டியலில் இருந்த பன்னிரண்டு பெயர்களும் காந்திமதி எழுதியவை. ஒரகடத்தைச் சுற்றி ஒன்பது ஊர்களுக்கு அவள் கிராம சேவிகா. 1991 ஜூன் மாதம் ரோட்டோர ஒயர் கம்பெனி, வெளிநாட்டுச் செம்பு வரவில்லை என்று சொல்லி பெண்கள் அத்தனை பேரையும் நிறுத்திவிட்டது. அந்தப் பெண்களுக்கு அரசாங்கம் தையல் மெஷின் தரப்போகிறது, மந்திரியே வந்து கொடுக்கிறார் என்று ஒன்றிய ஆபீஸில் சொன்னபோது, காந்திமதி வீடு வீடாக நடந்தாள்.

முதல் பெயர் கிளியம்மாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். காந்திமதியைவிட ஐந்தாறு வயது மூத்தவள்.

"வாலாஜாபாத் பக்கம் சூளை வேலைக்கு மேஸ்திரி கூப்புட்டுக்கினு கீறாரு. போவட்டுமா வேணாமாம்மா?" என்று அவள் கேட்டாள்.

"போகாதீங்கக்கா. மெஷின் வருது. நான் சொல்றேன் இல்ல?"

கிளியம்மாள் மேஸ்திரியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஜன்னலோரம் இருந்த நெல்லுப் பானைகளை நகர்த்தி இடம்கூடப் பண்ணிவைத்தாள்.

விழா ஆகஸ்டில். காலை எட்டு மணிக்கே காந்திமதி மைதானத்துக்குப் போனாள். மேடை பெரிதாக இருந்தது. வழி நெடுக வாழைமரம், மூன்று இடத்தில் வளைவு. மந்திரிக்கு ஏலக்காய் மாலை ஒன்று காஞ்சிபுரத்திலிருந்து தனி காரில் வந்திருந்தது. மேடைக்குப் பின்னால் மெஷின் இரண்டே இரண்டு இருந்தன. ஸ்டாண்டு இல்லை, மேல்பாகம் மட்டும். இரண்டிலும் சிவப்பு ரிப்பன்.

"மீதி எங்க சார்?"

பி.டி.ஓ. நாகப்பன் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். "நாட்டு நிலைமை தெரியாதாம்மா உனக்கு? ரெண்டுதான் சாங்ஷன் ஆச்சு. மீதி பின்னாடி வரும். போட்டோவுக்கு ரெண்டு போதும். ஒருத்தி வாங்கிக்கினு அந்தப் பக்கம் எறங்கினதும், நம்ம ஆளு பின்னாடியா எடுத்தாந்துடுவான்."

"அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"அப்புறம் தர்றோம்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

அவர் சொன்னது உண்மை. அவள் சொன்னாள், அவர்கள் கேட்டார்கள். எல்லோரும் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாங்கிக்கொண்டதாக ரிஜிஸ்டரில் கையெழுத்தும் கைநாட்டும் காலையிலேயே வாங்கியாகிவிட்டது. அதையும் வாங்கியவள் அவள்தான்.

பதினொரு மணிக்கு வரவேண்டிய மந்திரி ஒன்றரைக்கு வந்தார். வெடி வெடித்தது. பூரணகும்பம் எடுத்தார்கள். அந்த மாலையை நான்கு பேர் தூக்கிப் போட்டார்கள். நிகழ்ச்சியை அறிவிப்பது காந்திமதி. கணீரென்ற குரல் அவளுக்கு. எந்த விழா என்றாலும் மைக்கை அவளிடம்தான் கொடுப்பார்கள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

மந்திரி கோபக்காரர் இல்லை. சிரித்துச் சிரித்துப் பேசினார். வீட்டில் மாமனார் மருமகளிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

"நாட்டுக்கே கஷ்டகாலம். தங்கத்தை அடகு வெச்சிருக்குது சர்க்கார். நாமளும் கொஞ்சம் வாயைக் கட்டணும், வயித்தைக் கட்டணும். சக்கரை வெல ஏறிப்போச்சுன்னு சொல்றீங்க. சக்கரை கொறைஞ்சா வியாதியும் கொறையும் இல்ல? நம்ம தாய்மார்களுக்குச் சிக்கனத்தைச் சொல்லியா குடுக்கணும்!"

முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். காந்திமதியும் சிரித்தாள்.

பிறகு மெஷின். "திருமதி கிளியம்மாள்!" என்று அழைத்தாள். கிளியம்மாள் குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினாள். போட்டோக்காரர் மூன்று முறை வெளிச்சம் அடித்தார். படியிறங்கியதும் ஒருவன் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் போனான். அவள் வந்து உட்கார்ந்தாள். இரண்டாமவள் போனாள். மூன்றாவதாகப் போனவள் கையில் ஏறியது முதல் மெஷின். அதன் ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது.

கூட்டத்தில் யாரோ, "டேய், அதே மெஷினுடா!" என்றான். சிரிப்பு எழுந்தது.

ஆறாவது பெயரைப் படிக்கும்போது கிளியம்மாள் எழுந்துவிட்டாள். யாரும் தடுப்பதற்குள் மேடையேறி, மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இது எனக்குக் குடுத்ததாச்சே சாமி. இவளுக்கும் இதயே குடுக்கறீங்களே, இன்னா இது?"

அவள் குரல் மைக்கில் விழவில்லை. மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. மந்திரி முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் பி.டி.ஓ. பக்கம் திரும்பியது. பி.டி.ஓ. காந்திமதியைப் பார்த்தார்.

காந்திமதி யோசிக்கவில்லை. பின்னாளில் அவளைத் தின்றது அதுதான். மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"பயனாளி கிளியம்மாள் ஆனந்தம் தாங்காமல், மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு நேரில் நன்றி சொல்ல மேடைக்கே வந்துவிட்டார்! அனைவரும் கைதட்டி ஆதரவு தாருங்கள்!"

மைதானம் முழுக்கக் கைதட்டியது. மந்திரி தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கிளியம்மாளுக்குப் போர்த்தினார். அவள் கூட்டத்தைப் பார்த்தாள், காந்திமதியைப் பார்த்தாள். மெஷின் மேலிருந்த கை மெதுவாக விலகியது. இரண்டு கையையும் குவித்தாள். அதையும் போட்டோ எடுத்தார்கள்.

விழா முடிந்ததும், "மானத்தைக் காப்பாத்திட்டம்மா!" என்றார் நாகப்பன். மந்திரி காரில் ஏறுமுன் அவள் பெயரைக் கேட்டு, "நல்ல சமயோசிதம்" என்றார். பிரியாணிப் பொட்டலம் ஒன்றை யாரோ அவள் கையில் திணித்தார்கள். அவள் அதைப் பந்தல்காலடியில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள். அன்று வீட்டில் அவள் யாரோடும் பேசவில்லை. பேசினால் அந்த மைக் குரலே வரும் என்று இருந்தது.

மறுநாள் காலை கிளியம்மாள் வீட்டுக்குப் போனாள். கிளியம்மாள் பாய் போட்டு உட்கார வைத்தாள். டீ போடத் தூள் இல்லை என்று மன்னிப்புக் கேட்டாள். திட்டவில்லை.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா."

"அத்த வுடும்மா. உன் வேல அது." பிறகு, "எல்லாரும் கை தட்டினாங்களா, ஒரு நிமிசம் நானே நம்பிட்டேன். நன்றி சொல்லத்தான் வந்தேன் போலக்கீதுன்னு" என்றாள்.

காந்திமதியால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. சூளையில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டாள். நிரம்பிவிட்டது என்றாள் கிளியம்மாள்.

ஆபீஸ் போனதும் ரிஜிஸ்டரை எடுத்து, பன்னிரண்டு பெயருக்கு எதிரிலும் "பொருள் வழங்கப்படவில்லை" என்று சிவப்பு மையில் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். நாகப்பன் கெஞ்சினார், பிறகு கத்தினார். "மேடையில அவ்ளோ நல்லா பேசினியேம்மா, இப்ப இன்னா ஆச்சு உனக்கு?" அவள் ரிஜிஸ்டரை மூடி அவர் மேஜைமேல் வைத்தாள். எழுதியதை அடிக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் உத்திரமேரூர் பக்கம் மாற்றல் வந்தது. தணிக்கையில் அந்தச் சிவப்பு மை கேள்வியாகி, தை மாதம் மெஷின்கள் வந்து சேர்ந்தன என்று ஆபீஸ் பியூன் சுப்பிரமணி கடிதம் போட்டிருந்தான்.

ஒரு வருஷம் கழித்து வாலாஜாபாத்திலிருந்து வரும் பஸ்ஸில் கிளியம்மாளைப் பார்த்தாள். மடியில் தைத்த ஜாக்கெட் மூட்டை. இவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள்.

"குந்தும்மா! மெஷின் வந்துச்சு, நல்லா ஓடுது. பெரியவ பத்தாவது படிக்கிறா. நீ ஏம்மா நம்ம பக்கமே வர்றதில்ல?"

"வரணும்க்கா" என்றாள் காந்திமதி. கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"அட, குந்தேன்."

"இல்லக்கா, எறங்கற எடம் வந்துடுச்சு."

அந்த இடம் இன்னும் வரவில்லை. வல்லக்கோட்டையில் கோயிலுக்குப் போகிறவர்களோடு சேர்ந்து இறங்கினாள். கிளியம்மாள் ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகு, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், காந்திமதி வெயிலில் ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தாள்.