இடது காலுறை

ஜலாலுதீனின் இடது கணுக்கால் வீங்கியது வெளியில் யாருக்கும் தெரியாது. ஊட்டிக் கடைவீதியில் தேயிலைத் தோட்டங்களுக்குக் கம்பளி விற்பவர் அவர். மகள் ஆரிஃபாவை அப்துல் கஃபாரின் மகனுக்குப் பேசி முடித்திருந்த நேரம். யானைக்கால் என்று எவனாவது சொல்லிவிட்டால் சம்பந்தம் முறிந்துவிடும்.

தொழுகைக்கு முன் ஒலு செய்ய, பள்ளிவாசல் தொட்டியில் எல்லார் எதிரிலும் கால் கழுவ வேண்டுமே! குளிரைச் சாக்கிட்டுத் தோல் காலுறை மாட்டினார். வீட்டில் கால் கழுவி அணிந்துகொண்டால், பள்ளியில் அதன்மேல் ஈரக்கையால் தடவினால் போதும். மார்க்கத்தில் இடமுண்டு.

"தொரைமாருகூட இப்படி மூடிக்கிட்டுத் திரியறதில்லீங்க சம்பந்தி!" என்று கஃபார் சிரிப்பார்.

வீக்கம் வளர்ந்தது. காலுறை ஏறவில்லை. ஜலாலுதீன் அதைக் கத்தியால் நீளமாகக் கிழித்து, கைலியை இறக்கிக் கட்டினார். அவ்வளவு கிழிந்த காலுறையில் தடவினால் ஒலு கூடாது, அந்தச் சுத்தம் செல்லாது. ஒலு இல்லாவிட்டால் தொழுகையும் கூடாது. தெரிந்தேதான் பள்ளிவாசலுக்குப் போனார்.

அன்று மாலை அஸர் தொழுகைக்கு, தொழவைக்கும் இமாம் வரவில்லை.

"நீங்களே முன்னாடி நில்லுங்க," என்று கஃபார் அவரைத் தள்ளிவிட்டார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நின்றார். அவரை நம்பிப் பின்னால் இரண்டு வரிசை நின்றது.

சில நாளில் நடக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் குளோரோபாரம் கொடுத்துக் கணுக்கால் மூட்டைத் திறந்தார். மயக்கம் தெளிந்ததும் கம்பவுண்டர் லிங்கசாமி ஒரு கிண்ணத்தை நீட்டினார். உள்ளே பட்டாணி பட்டாணியாக வெள்ளை உருண்டைகள்.

"யானைக்கால் இல்லீங்க பாய். மூட்டுக்குள்ள இருக்கற சவ்வு கெட்டு இப்படி உருண்டை கட்டிருச்சுங்களாம். காலுல வர்றது ரொம்ப அபூர்வமாம். சவ்வையும் வழிச்சு எடுத்தாச்சுங்க."

புண் ஆறியதும் ஜலாலுதீன் கைத்தடியோடு பள்ளிவாசலுக்கு வந்து, தொட்டியோரம் வெறுங்காலை நீட்டினார். கஃபார் குனிந்து தழும்பைப் பார்த்தார்.

"கால்ல கோலிக்குண்டு வெச்சுக்கிட்டா கம்பளி வித்தீங்க? இதுக்கா ஒளிச்சீங்க சம்பந்தி! சரி, கல்யாணத்துக்குத் தேதி பாக்கலாமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தலையை ஆட்டினால் போதும், காரியம் முடிந்தது. ஜலாலுதீனுக்குத் தலை நிமிரவில்லை.

"அன்னிக்கு நான் தொழவெச்ச அஸர் கூடாதுங்க. காலுறையைக் கிழிச்சிருந்தேன். எல்லாரும் திரும்பத் தொழணும்."

சிரிப்பு நின்றது.

"தெரிஞ்சேவா?" என்றார் கஃபார்.

"தெரிஞ்சேதானுங்க."

கஃபார் ஒலு செய்ய மெதுவாகச் சட்டைக் கையை மடித்தார்.

"மொதல்ல அந்தத் தொழுகையத் திரும்பத் தொழுதுடுவோம். தேதிய அப்புறம் பாக்கலாமுங்க, பாய்."

சம்பந்தி என்று சொல்லவில்லை. ஜலாலுதீன் தடியை ஊன்றி எழுந்து, தொழ நின்றவர்களின் கடைசி வரிசை ஓரத்துக்குப் போனார்.