கேட்காமல் விட்ட கேள்வி

லிஃப்ட் மெக்கானிக்கின் அக்காவுக்குத் தையல் வேலை. தம்பி மேல் கொலை வழக்கு விழுந்த நாளிலிருந்து கை துணியில் இருந்தாலும் மனசு கோர்ட்டில்தான் கிடந்தது. அவன் வேலைக்குப் போன கட்டடத்தின் சொந்தக்காரர் மாடிப்படியடியில் செத்துக் கிடந்தார். அவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதவிக்கு ஆள் தேடி ஓடியவன் இவன். ஓடினவன் தலையிலேயே பழி விடிந்தது.

அவன் ஓடியதைப் பார்த்தவர், எதிரே பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கூண்டில் ஏறி, அரசு வக்கீல் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஓடியது இவனா? ஆமாம். சட்டையில் ரத்தமா? ஆமாம். தம்பியின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோது, சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நீதிபதி எழுந்து போய்விட்டார்.

தாழ்வாரத்துக் குழாயில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பூட்டுக்கடைக்காரர் பக்கத்துக் குழாயைத் திறந்தார். அவள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"தம்பி ஓடினதுக்கு அப்புறம் யார் இறங்கி வந்தாங்கன்னு உங்க வக்கீலைக் கேக்கச் சொல்லும்மா. செத்தவரோட மருமகன் நிதானமா இறங்கி வந்தாரு. அதை யாருமே என்கிட்ட கேக்கல."

"நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"நானா சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. கேட்டா மறைக்க மாட்டேன்."

அவள் நிமிர்ந்தபோது, தாழ்வாரத்தின் கோடியில் அந்த மருமகன் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ, தெரியாது.

ஓடிப்போய் வக்கீலிடம் சொன்னாள். சாட்சியிடம் வாய் கொடுக்கலாமா என்று அவர் கடிந்துகொண்டார். ஆனாலும் அவர் முகத்தில் தெளிவு வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு சாட்சியைக் கூப்பிட்டார்கள். வரவில்லை. கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கும் அவர் போகவில்லை. போலீஸ் தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த வாய்தாவில் அரசு வக்கீல் ஒரே போடாகப் போட்டார். சாட்சியை விரட்டியதே தம்பியின் தரப்புதானாம். விரட்டியவனுக்குக் குறுக்கு விசாரணை உரிமை ஏது, அவர் சொன்ன சாட்சியம் அப்படியே நிற்கட்டும் என்றார். மருமகன் கூண்டேறி, குழாயடியில் அக்கா அவரை மிரட்டியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னான். தம்பியின் வக்கீல் கேள்வியைத் திருப்பிப் போட்டார், புரட்டிப் போட்டார். அவனுக்கு வியர்க்கவே இல்லை.

பிறகு அவளே கூண்டேறினாள். குழாயடியில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். நீதிபதி கோபப்படவில்லை.

"அதைச் சொன்னவரை நாங்க கேட்டாகணும்மா. அவர் எங்கே?"

மொத்தக் கோர்ட்டும் அவளையே பார்த்தது. அவள் கண் தன்னையறியாமல் மருமகன் பக்கம் போனது. அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

பூட்டுக்கடைக்காரர் சொன்ன பாதி நின்றது. சொல்லாத பாதி அவரோடு போயிற்று. தம்பிக்கு ஆயுள் தண்டனை.

வேனில் ஏற்றுமுன் அவனைத் தொட்டுப் பேச அவளை விட்டார்கள். மேல்முறையீடு பண்ணலாம், வக்கீல் சொல்லியிருக்கிறார் என்று என்னென்னவோ சொன்னாள். அவன் எதையும் காதில் வாங்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னை விடுக்கா," என்றான். "நீ இனிமே தனியா வீட்டுக்குப் போகாத."