ஃப்யூ விட்டால்தான் இறங்கலாம்

என் வீட்டுக்காரர் தணிகாசலம் ஆஸ்பத்திரி சீலிங்கில் ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் ஆகிறது. "ரிப்போர்ட் வரட்டும், பாப்போம்" என்று டாக்டர் சொன்னதும் மூச்சைப் பிடித்தார். பிடித்தவர் மேலே போய்விட்டார். அந்த ஆஸ்பத்திரியில் இது சகஜம். பக்கத்தில் இன்னும் சிலர் மிதந்தார்கள். நான் கீழே நின்று ஒட்டடைக் கம்பில் இட்லியைக் குத்தி நீட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று ரிப்போர்ட் வந்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லையாம். எல்லாம் நார்மல்.

"நல்லதா வந்துருச்சுங்க. இறங்குங்க" என்றேன்.

இறங்கவில்லை. ரோஸ்லின் சிஸ்டர்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"ரிப்போர்ட் இங்கிலீஷ்ல வந்திருக்குல்லம்மா? நிம்மதிப் பெருமூச்சும் இங்கிலீஷ்லதான் விடணும். சார் ஒரு ஃப்யூ விட்டா இறங்கிடுவாரு."

"விடலேன்னா?"

"சாயங்காலம் ஜன்னலத் தொறந்துடுவோம். சீலிங்ல ஒட்டடை அடிக்கணும்ல."

"தொறந்தா?"

"வெளிய போயிடுவாங்க."

ஃப்யூ பற்றிக் கேட்க ஆஸ்பத்திரியின் மூச்சுப் பிரிவைத் தேடிப் போனேன். நடக்க நடக்க வராந்தா நீண்டது. நடுவில் ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. யார் நிற்பார்கள் பஸ்ஸுக்கு? நடந்தேன்.

அதிகாரியின் நாற்காலியில் ஒரு குக்கர் உட்கார்ந்திருந்தது. அவர்தான் அதிகாரி. முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். பார்த்தால் நல்ல மனிதர்.

"ஃப்யூன்னா என்ன அர்த்தம் சார்?"

"ஆபத்து போயிடுச்சுன்னு அர்த்தம்."

"எப்ப விடணும்?"

"போனப்புறம். முன்னாடி விட்டா செல்லாது."

வெயிட்டைத் தூக்கி ஒன்று விட்டுக் காட்டினார். சுத்தமான இங்கிலீஷ். பருப்பு வாசனை அடித்தது. நேரில் வந்து சொல்லிக்கொடுங்கள் என்று கெஞ்சினேன். சரி என்றார். இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பும்போது வராந்தா ரெண்டே எட்டுதான். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மனசாட்சியே கிடையாது.

அதிகாரி மறுபடி விட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

"மாட்டேன் செண்பகம்" என்று மூச்சு விடாமலே பேசினார். "நல்லது நடந்தா வெளிய சொல்லக் கூடாது. கண்ணு பட்டுடும்."

எங்கள் வீட்டு வழக்கம் அது. பையனுக்கு வேலை கிடைத்தபோது, "இன்னும் சும்மாதான் இருக்கான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தோம். பாவம், அவன் பின்வாசல் வழியாக ஆபீஸ் போய்வந்தான்.

அதற்குள் சாயங்காலமாகி, சிஸ்டர் ஜன்னலைத் திறந்தாள். அவர் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தார். வேட்டி நுனி வெளியே போய்விட்டது.

"கண்ணாவது மண்ணாவது!" என்று கத்தினேன். "நீங்க போயிட்டா நான் யாரோட சண்ட போடுறது? வாயத் தொறங்க!"

அழுகை வந்துவிட்டது. அவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மொதல்ல நீ உக்காரு. ஒரு வாரமா நின்னுக்கிட்டே இருக்கே."

அப்போதுதான் என் கால் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு ஸ்டூல் கிடந்தது. உட்கார்ந்தேன்.

"அப்பாடா."

குக்கர் அதிகாரி முகம் சுளித்தார். "இது இங்கிலீஷ் இல்லையே?"

"அர்த்தம் அதேதான் சார். நாங்க உக்காரும்போது விடுவோம்."

"ஆபத்து போயிடுச்சா?"

சிஸ்டர் இருந்தாள். வார்டு முழுக்க ஆட்கள் இருந்தார்கள். எல்லாக் கண்ணும் என்மேல்தான்.

"போயிடுச்சு!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "என் வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்ல! நல்லா இருக்காரு!"

மேலே அவர் மூச்சை விட்டார். நீளமாக விட்டார். எந்த மொழி என்று யாரும் கேட்கவில்லை.

நேராக என் மடியில் வந்து இறங்கினார். வெட்கமாக இருந்தது. நல்ல கனம். கால் மரத்துப்போனது. எழுந்திருங்கள் என்று நான் சொல்லவே இல்லை.