ரயில் போகிற வரைக்கும்

பூபாலன் அண்ணன் இரண்டாவது முறையும் பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"இன்னாம்மா ஹெலினா, கார்ல போட்டா பேஸே இல்ல. டோலக்கு தகர டப்பா மாறி கீது. நாலு மணிக்குள்ள சரி பண்ணு. இல்லாங்காட்டி வேற ஆளாண்ட குட்த்துடுவேன்."

நான் மிக்ஸிங் செய்து, அவருடைய கானா சேனலில் என் பெயரோடு வரவேண்டிய முதல் பாட்டு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் கார் ஸ்பீக்கர்தான் ஓட்டை என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். பின்னே? நெமிலிச்சேரியில் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் வீட்டு முன்னறையில் அந்த டோலக் நெஞ்சில் குத்துகிறது. பேஸ் என்கிற அடித்தொனி அதிகமென்று நானே காலையிலிருந்து வெட்டிக்கொண்டிருந்தேன்.

பாடியவன் ஜுல்ஃபிகர், வேலப்பன்சாவடியில் லோடு ஆட்டோ ஓட்டுபவன், பக்கத்து நாற்காலியிலிருந்து ஏதோ சொன்னான்.

"இன்னாடா?" என்று கத்தினேன்.

"இல்லக்கா, காலைலேர்ந்து நாம ரெண்டு பேரும் கத்திக்கினே கீறோம்!"

அப்போதுதான் சவுண்டு திருகைப் பார்த்தேன். காலையில் நடுவில் இருந்தது, இப்போது கடைசியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. எவன் ஏற்றினான்? வேறு யார், நான்தான். ரயில் கடக்கும்போதெல்லாம் பாட்டு கேட்கவில்லையென்று கை தானாகக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறது. ரயில் போனபிறகு இறக்க மட்டும் அந்தக் கைக்குத் தோன்றவே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை ரயில்!

போனில் சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்து என் நாற்காலியில் வைத்தேன். தொண்ணூற்றேழு டெசிபல். பாட்டை நிறுத்தியபிறகும் காதுக்குள் 'கொய்ங்' என்றது. பயந்துபோனேன். சத்தம் கூடினால் காதுக்கு பேஸும் கூடுதலாகத் தெரியும், அந்தப் பொய்யை நம்பித்தான் நான் வெட்டித் தள்ளியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்!

மணி இரண்டு. முக்கால் மணி நேரம் காதுக்கு ஓய்வு, எந்தப் பாட்டையும் கேட்கக்கூடாது என்று ஜுல்ஃபியை இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்து திருகை இறக்கினேன். பாட்டு ஓடும்போதே குரலை உயர்த்தாமல் பேச முடிகிற இடத்தில் நிறுத்தினேன். ஆப் எழுபத்தாறு காட்டியது. அங்கேயே சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டேன்.

"சவுண்டே இல்லியேக்கா" என்றான் ஜுல்ஃபி.

"கம்முனு கேளு."

கேட்டோம். பூபாலன் அண்ணன் சொன்ன தகர டப்பா எங்கள் முன்னறையிலேயே டங்டங் என்றது! எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின. வியாதி தெரிந்துவிட்டதே! வெட்டிய பேஸைத் திருப்பி வைத்தேன், டோலக்குக்கு உயிர் வந்தது. நடுவே ரயில் வந்தது. ஜுல்ஃபியின் கை திருகுக்குப் போக, பட்டென்று ஒரு அடி வைத்துப் பாட்டை நிறுத்தினேன். ரயில் போனது. மறுபடி ஓட்டினேன். இப்படியே மூன்று ரயில்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பாட்டை அனுப்பினேன். நாலே காலுக்கு அவருடைய குரல் செய்தி வந்து விழுந்தது. தட்டினேன், அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று வந்தது.

"சவுண்ட ஏத்துக்கா!" என்று ஜுல்ஃபி குதித்தான்.

"போகட்டும்டா!" செய்தியை நிறுத்திவிட்டுப் பெட்டிகளை எண்ணினேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு... பாழாய்ப்போன வண்டி முடியவே இல்லை. கடைசிப் பெட்டி கடந்ததும் தட்டினேன்.

"ஹெலினா, கார்ல ரெண்டு தபா போட்டேன்மா. அடி சும்மா எகிறுது! இனிமே ஒண்ணையும் தொடாத. மிக்ஸிங்னு உன் பேரு போட்டு சாயங்காலமே உட்டுர்றேன்."

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு வனஜா அக்கா வாசலுக்கே ஓடிவந்துவிட்டார். ஜுல்ஃபி சத்தம் அளக்கும் ஆப்போடு போனைத் தூக்கிக் காட்டினான்.

"அக்கா, நூத்தி ரெண்டு!"