கடைசி ஃபிலிமில் ஒரு சிரிப்பு

வீட்டில்தான் அவள் குட்டி. கல்லூரியில் புகைப்படக்கலை படிக்கும் பெரிய மனுஷி. அவள் வாத்தியார் ஒரு பிடிவாதக்காரர். முதல் வருஷம் முழுக்க ஃபிலிம் கேமராதான், ஆளுக்கு ஒரே சுருள். அந்தச் சுருளைக் குட்டி குருஜியின் சொற்பொழிவுக்கென்று எடுத்து வைத்தாள். காரணம் அம்மா. அப்பா போனபின் அம்மாவுக்கு ஆறுதல் என்று இருந்தது அவர் பேச்சு ஒன்றுதான்.

"கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவாரு பாரு, அப்ப எடுடி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் அம்மா ஆணியும் அடித்துவிட்டாள். சட்டமும் வாங்கியாயிற்று.

மேடைக்குக் கீழே மண்டியிட்டு உட்கார்ந்த பிறகுதான் குட்டிக்கு விஷயம் தெரிந்தது. மனிதர் வாயைத் திறந்தாலே கையும் கிளம்பிவிடுகிறது. கண்ணாடியைச் சரிசெய்ய ஒரு தரம், ஈயை விரட்ட ஒரு தரம், தண்ணீர் கேட்க ஒரு தரம். ஒவ்வொன்றையும் ஆசீர்வாதம் என்று நம்பி எடுத்துத் தள்ளினாள். எத்தனை மிச்சம் என்று பார்த்தபோது பகீரென்றது. ஒன்றே ஒன்று.

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் குருஜி எழுந்து நின்றார். வலது கை மெல்ல உயர்ந்தது. சந்தேகமே இல்லை, இதுதான். அந்த நேரம் பார்த்து மனிதர் தன் வழுக்கையைப் பற்றி ஏதோ சொல்லிவைக்க, அரங்கமே குலுங்கியது. அத்தனை சிரிப்பிலும் ஒரு குரல் குட்டிக்குத் தனியாகக் கேட்டது. திரும்பினாள். பின்வரிசையில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா போனதிலிருந்து வீட்டில் கேட்காத சிரிப்பு அது.

மேடையில் கை இன்னும் இறங்கவில்லை. குட்டிக்கு அது தெரியும். தெரிந்தேதான் அம்மாவை எடுத்தாள்.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்ததில் மற்ற படங்களில் எல்லாம் கை இருந்தது, முகம் கைக்குப் பின்னால் மறைந்திருந்தது. உருப்படியானது கடைசிப் படம்தான். அதை அம்மாவிடம் நீட்டினாள்.

"அவர் எங்கடி?"

"நீ பாத்துச் சிரிக்கிற பக்கம்மா."

அம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். திட்டு விழப்போகிறது என்று குட்டி தயாராக நின்றாள்.

"பல்லு அத்தனையும் தெரியுது," என்றாள் அம்மா. பிறகு, "உங்கப்பாவுக்கு நான் இப்படிச் சிரிச்சாத்தான் பிடிக்கும்."

சட்டத்தைத் துடைத்துப் படத்தை அதில் பொருத்தினாள்.

"என்னம்மா பண்ற?"

"ஆணி அடிச்சாச்சேடி. சும்மாவா விடறது?"